கள்ளுக்கடை நிதி



மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'கள்ளுக்கடை நிதி' என்று ஒன்று இருந்தது. இன்றைய இளம் ஆசிரியர்களில் பலர் அப்பெயரையே கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். தோட்டத்து மக்கள் குடித்த கள்ளில் கிடைத்த இலாபத்தை அம்மக்களின் நலனுக்கே செலவிடுவதற்கென ஒதுக்கி வைத்த பணம் அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. குடித்தவன் காசு குடித்தவனுக்கே திரும்பி வருகிறது. துரையின் பைக்குப் போகவில்லை. பிறகென்ன குறை? இக்கேள்வியைச் சில திங்களாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்த ஒரு விவாதமே அதற்குக் காரணம். அவ்விவாதத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். பழங்கதையை முதலில் சொல்லிவிட்டால்தான் அது விளங்கும்.

எங்கள் பாரிட் புந்தாரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் இது. ஆற்றைக் கடந்தால் நிபோங் திபால். அது பினாங்கு மாநிலம். எங்கள் ஊரைச் சொன்னதும் எல்லாருக்கும் நெல்வயல்தான் நினைவுக்கு வரும். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கொணரும் கிரியான் பாசனத் திட்டம் 1906-ஆம் ஆண்டு நிறைவுற்ற பிறகு வந்த வளம் அது. அதற்கு முன்னர் இவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் நிறைய இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்திறங்கிய தமிழர்கள் கரும்புக் காட்டில்தான் முதலில் வியர்வை சிந்தினர். 'குலா' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சீனி என்று பொருள். அப்பெயரில் தோட்டமும் ஊரும் இன்றும் உள்ளன. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கடலோரப் பகுதிகளில் தென்னையும் இருந்தது. தென்னை இருந்தால் கள்ளுக்குக் குறைவேது?

தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும் சாறு முதலில் இனிப்பானதுதான். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்துக் கள்ளாகும். மேலும் வைத்திருந்தால் காடியாகிவிடும். எங்கள் பாட்டி ஆப்பமாவுக்குச் சிறிது கள் ஊற்றித்தான் புளிக்க வைப்பார். அந்த ஆப்பத்தின் மணம் இக்காலத்து ஈஸ்ட் மாவில் வருவதில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையும் மாலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறியவர்கள் கடும் உழைப்பாளிகள். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில்தான் படித்தார்கள்.

தோட்டக் கள்ளுக்கடை தெருவோரச் சிறு வணிகம் அன்று. அரசின் உரிமம் பெற்று, தோட்ட நிருவாகத்தின் ஆதரவில் நடந்த நிறுவனம். வெளியே கடைகளில் கிடைக்கும் சாராயத்தைக் குடித்துக் கெடுவதைவிட, அளவான கள்ளைத் தோட்டத்துக்குள்ளேயே குடிப்பது மேல் என்றார்கள் துரைமார்கள். கள் உடம்புக்கு நல்லது, அதில் உயிர்ச்சத்து இருக்கிறது என்றும் வாதிட்டார்கள். அவற்றில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் கள்ளுக்கடை இருக்கும் தோட்டத்தைவிட்டு ஆள் எளிதில் வெளியேறமாட்டான் என்பதும், கடனில் மூழ்கியவன் கூலி உயர்வு கேட்டுக் குரல் எழுப்பமாட்டான் என்பதும் அவர்கள் அறியாதவை அல்ல. அரசாங்கத்துக்கும் கள்ளினால் வருவாய் இருந்தது. இந்திய அரசாங்கம் 1920-களில் கோலாலம்பூரில் நியமித்த ஏஜெண்டுகளின் ஆண்டறிக்கைகளில் கள்ளைப் பற்றிய கவலை திரும்பத் திரும்ப இடம்பெற்றதற்கு இவையெல்லாம் காரணம்.

1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுக்கப்பட்டது. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் அதுவும் குறைந்துபோனது. அந்தக் காசிலிருந்துதான் அரிசியும், பிள்ளைக்குச் சட்டையும், ஊருக்கு அனுப்பும் பணமும், கள்ளும்.

என் தந்தையார் பாரிட் புந்தாரை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கள் குடிக்காதவர், ஆனால் கள்ளுக்கடையைப் பற்றி வெறுப்பின்றிப் பேசுவார். சிறுவயதில் எனக்கு அது வியப்பாக இருக்கும். அவர் சொன்ன செய்தி இது. தோட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால், சவப்பெட்டிக்கும் கோடித்துணிக்கும் பணம் திரட்டுவதற்கு ஆட்கள் முதலில் ஆபீசுக்குப் போகமாட்டார்களாம். மாலையில் கள்ளுக்கடை வாசலில் ஒருவர் தம் தோள்துண்டை எடுத்துத் தரையில் விரிப்பார். எவரும் பேசமாட்டார்கள். குடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் காசைப் போட்டுவிட்டு உள்ளே செல்வார்கள். சிலர் காசைப் போட்டுவிட்டு, குடிக்காமலே வீடு திரும்புவதும் உண்டாம். அரை மணி நேரத்தில் துண்டை முடிந்து இறந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தவருக்கும், கணவனை இழந்து ஊருக்குக் கப்பலேறிய பெண்ணுக்கும் இதே துண்டுதான் விரிந்தது.

ஆக, கள்ளுக்கடையில் இரண்டு வகை அறம் நடந்திருக்கிறது. ஒன்று, வாசலில் விரித்த துண்டு. மற்றொன்று, ஆபீசில் இருந்த நிதி.

நிதியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை நல்ல நினைவுகள்தாம். திருவிழாவுக்கு அதிலிருந்து பணம் கொடுப்பார்கள்; பந்து வாங்கித் தருவார்கள்; திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். "துரை படம் போடுறாரு" என்று பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்களாம். அந்தத் துள்ளலில்தான் எனக்கு நெருடல். படம் போட்டவர் துரையா? அக்குழந்தையின் தந்தை கடையில் ஒரு வெள்ளி கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். மரம் ஏறியவரின் கூலி, கடை ஆளின் சம்பளம், அரசுக்குச் செலுத்தும் தொகை யாவும் போக எஞ்சிய சில காசுகளே நிதியில் சேர்ந்தன. அதாவது, நலப்பணி என்ற பெயரில் சில காசு திரும்பி வருவதற்கு வீட்டிலிருந்து ஒரு வெள்ளி முழுதாக வெளியேற வேண்டும். அந்த ஒரு வெள்ளியை எப்படிச் செலவழிப்பது என்று அக்குழந்தையின் தாயைக் கேட்டிருந்தால், திரைப்படம் என்று அவர் சொல்லியிருக்கமாட்டார். அவரை எவரும் கேட்கவில்லை. அதுமட்டுமன்று. நிதி வளர வேண்டுமென்றால் குடி குறையக் கூடாது. ஊர் திருந்தத் திருந்த நலப்பணி சுருங்கும் என்னும் விந்தையான ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதாக இருந்திருக்கும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆற்றுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் கலிடோனியா என்னும் பெயர்பெற்ற தோட்டம் உண்டு. கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழம்பெயர். மலாயாவுக்குத் தோட்டம் நடத்த வந்த துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மிகுதி. அப்பெயரின் வழியே அந்நாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோதுதான், நம் கள்ளுக்கடை நிதிக்கு ஓர் உடன்பிறப்பு அங்கே இருப்பதைக் கண்டேன்.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1865-ஆம் ஆண்டு ஒரு புது முறை தொடங்கிற்று. மது விற்பனையைத் தனியார் கையிலிருந்து எடுத்து, ஓர் அறக்கட்டளை போன்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். முதலீடு செய்தவருக்குச் சிறிதளவு ஆதாயம். மிச்சமெல்லாம் ஊர்ப் பொதுநலனுக்கு. குடியைத் தூண்டி விற்பதில் எவருக்கும் ஆதாயம் இல்லாமற்போனால் குடி தானே குறையும் என்பது அவர்களின் கணக்கு. இம்முறை ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குப் பரவியது. அங்கே பங்குதாரருக்கு நூற்றுக்கு 5 வரைதான் ஆதாயம். எடின்பரோவை அடுத்த நியூட்டன்கிரேஞ்சு என்னும் சுரங்கச் சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு தொடங்கிய 'டீன் டேவர்ன்' என்னும் மதுவிடுதி இம்முறையைப் பின்பற்றியது. அதன் இலாபத்திலிருந்து ஊருக்குப் பொழுதுபோக்கு வசதிகளும் உதவிகளும் கிடைத்தன. நூறாண்டைக் கடந்த பின்னரும் அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பிலேயே இயங்கி வந்திருக்கிறது.

படித்ததும் முதலில் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. இப்படியும் நடத்த முடியுமே! பின்னர்ச் சற்று ஆழ்ந்து நோக்கியபோது, அச்சிற்றூரின் வீடுகளும் சுரங்கமும் லோதியன் நிலக்கரி நிறுவனத்தின் கையில் இருந்தன என்பதும், அதன் மேலாளர் மங்கோ மக்கே என்பவர் ஊரையே தம் சொற்படி ஆட்டிவைத்தவர் என்பதும் தெரியவந்தன. தோட்டமும் துரையும் லயமும் கண்முன் வந்து நின்றன. வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் மதுவிடுதிக்கு ஆதரவு கொடுப்பவரும் ஒருவரே. இருப்பினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். காலப்போக்கில் சுரங்கம் மூடப்பட்டது, நிறுவனம் மறைந்தது. விடுதியோ ஊர்மக்களிடம் நிலைத்தது. தோட்டங்களில் அப்படி எதுவும் நிலைக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது கடையும் போயிற்று, நிதியும் போயிற்று, மக்களும் போக்கிடம் தேடிப் புறப்பட்டனர்.

ஆசிரியர்களுக்கு ஆர்வமூட்டும் இன்னொரு செய்தி. ஆக்ஸ்ஃபர்டில் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தமான 'லாம்ப் அண்டு ஃபிளாக்' என்னும் பழைமையான மதுவிடுதியின் இலாபம் பல்லாண்டு ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குப் பயன்பட்டது. கோவிட் காலத்து நட்டத்தால் 2021-இல் அதை மூடினார்கள். 2022-இல் வேறொரு குழுவினர் குத்தகைக்கு எடுத்துத் திறந்தார்கள். அங்கே குடித்தவர் ஒருவர், படித்தவர் வேறொருவர். குடித்தவரின் பிள்ளை பட்டினி கிடந்து அந்த உதவித்தொகை உருவாகவில்லை. நம் கதையிலோ குடித்தவரும் உதவி பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

நம் மக்கள் இதை உணராமல் இருந்தார்களா என்றால், இல்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததை வரலாற்றில் படித்திருப்பீர்கள். ஆர். எச். நாதன் என்பவர் அதில் முன்னின்றார். அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. கூலி உயர்வு வேண்டும். வெள்ளைக்காரரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கள்ளுக்கடையை மூடு என்பதும் பள்ளியைச் சீராக்கு என்பதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையாக, கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடமாக மட்டுமே இருந்தது. எது தரமாக நடக்கிறது, எது பெயருக்கு நடக்கிறது என்பதை அம்மக்கள் கண்ணால் கண்டவர்கள். அவ்வேலைநிறுத்தத்தில் இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கள்ளுக்கடைகள் மூடப்படவில்லை.

போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. ஆர்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். 1947-இல் காவல் துறையினருடன் மோதல் ஏற்பட்டு, உயிர்ச்சேதத்தில் முடிந்தது. குடித்தவரைப் பிடித்துத் தண்டித்த அவர்களின் முறையை நான் முழுதும் ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனாலும், இதே மக்கள் 'குடிகாரக் கூலிகள்' என்று ஏசப்பட்ட காலத்தில் அவர்களே எழுந்து கடை வேண்டா என்று சொன்னார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. எங்கள் கிரியானிலிருந்து கெடா அதிகத் தொலைவில் இல்லை. அச்செய்தி இங்கும் வந்து சேர்ந்திருக்கும். எத்தனை வீடுகளில் பெண்கள் அதை மனத்துக்குள் வரவேற்றிருப்பார்கள்!

கள்ளுக்கடை போனதும் குடி போய்விட்டதா? அப்படி நடந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. கள் இருந்த இடத்தில் சம்சு வந்து அமர்ந்தது. கையடக்கமான போத்தல், மளிகைக் கடையிலேயே கிடைக்கும், கள்ளைவிடப் பன்மடங்கு கடுமை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டாக அதை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்திருக்கிறது. கள்ளாவது ஒரு கடையில், பலர் நடுவே, ஒரு நேரத்துக்குள் குடிப்பதாக இருந்தது. சம்சு தனியாளாய், வீட்டுக்குப் பின்னால், காலையிலேயே. அங்கே துண்டு விரிப்பார் எவரும் இல்லை. கள்ளுக்கடையை வெறுப்பின்றி என் தந்தையார் பேசியதன் காரணம் இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு வேறு உருவில் நடந்துகொண்டிருக்கிறது. இராசாசி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியை ஏற்படுத்தினார். அதாவது, குடிக்காதவரும் சேர்ந்து சுமக்கட்டும் என்றார். பின்னாளில் நிலைமை தலைகீழாயிற்று. 1982-இல் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; 1983-இல் மது வாணிபத்துக்கென டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது; 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அண்மைய ஆண்டுகளில் அதனால் அரசுக்கு வரும் வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. கடைகளை மூடுங்கள் என்று எவரேனும் சொன்னால், பிள்ளைகளின் உணவுக்கும் ஏழைகளின் நலத்திட்டங்களுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்னும் எதிர்க்கேள்வி உடனே எழுகிறது. தோட்டக் கணக்குதான், அளவு மட்டுமே பெரிது.

இனி நம் நாட்டுக்கும் நம் காலத்துக்கும் வருவோம். இங்கே சீனப் பள்ளிகளுக்காக மதுபான நிறுவனங்கள் நெடுங்காலமாக நன்கொடைக் கலைநிகழ்ச்சிகள் நடத்திவருகின்றன. கார்ல்ஸ்பர்க் நிறுவனத்தின் திட்டம் 1987-இலும், சின் சியூ நாளிதழோடு இணைந்த டைகர் பீர் திட்டம் 1994-இலும் தொடங்கின. இவற்றால் திரண்ட தொகை பல நூறு மில்லியன் ரிங்கிட். நிகழ்ச்சிச் செலவை நிறுவனம் ஏற்க, பொதுமக்கள் தரும் நன்கொடை பள்ளிக்குச் செல்கிறது. வகுப்பறைகளும் மண்டபங்களும் கண்ணெதிரே நிற்கின்றன. அவற்றைப் பார்த்து நாம் பெருமூச்சு விட்டதும் உண்டு. 2024 சூலையில் சிப்பாங் வட்டாரச் சீனப் பள்ளி ஒன்றின் மாதிரிக் காசோலையில் பீர் சின்னம் இருந்ததால் சர்ச்சை எழுந்தது. மது, புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றோடு தொடர்புடைய நன்கொடைகளைப் பள்ளிகள் ஏற்கலாகாது என்னும் வழிகாட்டியைக் கல்வி அமைச்சு நினைவூட்டியது. விவாதம் அமைச்சரவை வரை சென்றது. சமயத்தையும் அரசியலையும் கலந்து அப்போது பேசியவர்கள் பலர். அப்பேச்சில் எனக்குக் கிடைக்காத ஒன்று எங்கள் சங்கக் கூட்டத்தில் கிடைத்தது.

எங்களது சிறிய பள்ளி. தோட்டங்கள் வெறுமையாகிவிட்டதால் பிள்ளைகள் பல திசைகளிலிருந்து வருகிறார்கள். பள்ளியின் எதிர்காலம் பாடநூலைவிட வேன் கட்டணத்தைத்தான் நம்பியிருக்கிறது என்றால் அது மிகையாகாது. வேன் நின்றால் பிள்ளை அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் போய்விடும். சென்ற ஆண்டு கட்டணம் உயர்ந்தபோது, பதினொரு பிள்ளைகளின் குடும்பங்கள் கட்ட இயலாத நிலை. அவ்வேளையில் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் தாமே முன்வந்தார். ஓராண்டுக்கு அப்பதினொரு பிள்ளைகளின் வேன் கட்டணத்தையும் தாம் ஏற்பதாகச் சொன்னார். வட்டாரத்தில் உணவகத்தோடு கூடிய மதுவிடுதி நடத்துபவர் அவர். கடையின் பெயரை வேனில் ஒட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. பள்ளி ஆண்டு மலரில் ஒரு வாழ்த்துப் பக்கம் இருந்தால் போதும் என்றார். நல்ல மனிதர். படித்த பள்ளியின்மீது உண்மையான பற்றுடையவர். இதில் எனக்கு ஐயமில்லை.

கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டியை மீறலாகாது என்றார் ஒருவர். இது பள்ளிக்கு அன்று, பெற்றோருக்குத்தானே, வழிகாட்டி இதில் எங்கே வருகிறது என்றார் மற்றொருவர். நம் பிள்ளைகள் நடந்து போகட்டும் என்கிறீர்களா என்று ஒருவர் குரலை உயர்த்தினார். பணத்துக்கு மணமில்லை என்றார் இன்னொருவர். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்றார். அப்பதினொரு பிள்ளைகளில் ஒருவனின் தாய். தொழிற்சாலையில் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு வாரத்துல நாலு நாளு அங்கதான் இருக்காரு. அவரு அங்க கொடுக்குறதுல பாதி இருந்தாலே என் பிள்ளைக்கு வேன் காசு கட்டிடுவேன். அது எங்க வீட்டுக் காசுதான். அத அவரு கையால வாங்கி நான் நன்றி சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டார்.

சிறிது நேரம் மின்விசிறி ஓசை மட்டும் கேட்டது. எண்பது ஆண்டுக்கு முன்னர்த் தோட்டத்துத் தாயிடம் எவரும் கேட்காத கேள்விக்கு, இவர் கேட்காமலே விடை சொல்லிவிட்டார். 'பணத்துக்கு மணமில்லை' என்றவரும் பேசவில்லை.

மது வணிகம் செய்வோரிடமிருந்து எக்காலத்திலும் ஒரு காசும் வாங்கலாகாது என்று நான் வாதாட வரவில்லை. பேரிடர் வந்து ஊரே நீரில் மிதக்கும்போது, அரிசி மூட்டை கொண்டுவருபவரின் தொழிலை எவரும் விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் கூடாது. ஆனால் இங்கே வெள்ளம் வரவில்லை. யாருடைய வீட்டில் குறைந்ததோ அந்த வீட்டுக்கே அது உதவியாகத் திரும்புகிறது. நடுவில் நிற்பவர் வள்ளலாகிறார். அந்தத் தாய் கடனாளியாகிறார். ஆண்டு மலரில் வாழ்த்துப் பக்கத்தைப் பார்க்கும் அவர் மகன், தன் தந்தை செல்லும் இடத்தை என்னவென்று எண்ணிக்கொள்வான்? பள்ளியே வணங்கும் இடம் என்றல்லவா? நாங்கள் நன்னெறிக் கல்வியில் மதுவின் தீமையை அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சங்கத் தலைவரும் நானும் அம்முன்னாள் மாணவரை நேரில் சென்று கண்டோம். கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனோம். தாயின் பெயரைச் சொல்லாமல் செய்தியைச் சொன்னோம். அவர் முகம் வாடியது உண்மை. "அப்ப நான் இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலையா டீச்சர்?" என்று கேட்டார். அக்கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதற்கு விடையாகத்தான் இப்போதைய ஏற்பாடு உருவாயிற்று. முன்னாள் மாணவர் அனைவரிடமும் திங்களுக்கு ஒரே அளவுச் சந்தா, ஆளுக்கு 20 வெள்ளி. கடைக்காரரும் 20, கிராணியும் 20, லாரி ஓட்டுநரும் 20. அதற்குமேல் யாரிடமும் வாங்குவதில்லை. ஆண்டு மலரில் பெயர்ப் பட்டியலோ படமோ கிடையாது. வேன் கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களும் தங்களால் இயன்றதைத் தருகின்றன. யார் எவ்வளவு தந்தார் என்பது பொருளாளரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. அவர் முதல் மூன்று திங்கள் தரவில்லை. நான்காம் திங்களிலிருந்து தருகிறார்.

எளிதாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒருவர் ஒரே கையெழுத்தில் முடித்திருக்கக்கூடியதை இன்று நாற்பதுக்கும் மேற்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டி நடத்திக்கொண்டிருக்கிறோம். சில திங்களில் வேன்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்க வேண்டியிருக்கிறது. அவரும் நம்மவர், பொறுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் பதினொருவரும் பள்ளியில்தான் இருக்கிறார்கள். இவ்வாண்டு இன்னும் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். அந்தத் தாயின் கணவர் இன்னும் வாரத்தில் சில நாள் அங்கே போகிறார் என்றே கேள்வி. அவர் மகன் கணக்கில் கெட்டிக்காரன். வாய்பாட்டை மற்ற பிள்ளைகளுக்கும் அவனே ஒப்புவிக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

இத்திங்கள் வேன் கணக்கில் இன்னும் 140 வெள்ளி குறைகிறது. பள்ளியின் முன்னாள் மாணவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், வெள்ளிக்கிழமை மாலை பள்ளி அலுவலகத்தில் பொருளாளர் இருப்பார். 20 வெள்ளிக்கு மேல் அவர் வாங்கமாட்டார்.